நுரை ஏன் மறு கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது?

பிரஷ்ஷும் சோப்பும் வைத்து ஷேவ் செய்யத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். கிண்ணத்தில் நுரை மலைபோல் எழும்புகிறது. ஆனால் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மறு கன்னத்துக்கு வருவதற்குள் அங்கே நுரை இல்லை, வெள்ளையாக ஒரு பொருக்குதான் ஒட்டியிருக்கிறது. கழுத்து எரிகிறது. சோப்பை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை, இனி பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் சோப்பிலும் பிரஷ்ஷிலும் குறை இருக்காது என்றே நினைக்கிறேன். நுரை உயரமாக எழும்புவது, சீக்கிரம் மறைவது, பொருக்குத் தட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பிரஷ்ஷில் ஏறிய சோப்பு குறைவு, அதோடு கலந்த தண்ணீரும் குறைவு, காற்று மட்டும் அதிகம்.

முதலில் நுரை எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். நம்மில் பலர் டப்பா நுரையில் பழகியவர்கள். அந்த டப்பாவுக்குள் சோப்புக் கரைசலோடு ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களை அழுத்தித் திரவமாக அடைத்திருப்பார்கள். மேலே அழுத்தியதும் அவை வாயுவாக விரிந்து சோப்பை ஊதிப் பெருக்கிவிடும். உள்ளங்கை நிறைய வெள்ளைப் பந்து வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து, உயரமாக எழும்பினால்தான் நல்ல நுரை என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகும் அதே உயரத்தைத்தான் தேடுகிறோம்.

பிளேடு ஓடும்போது அதற்கும் தோலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சோப்புத் தண்ணீர்ப் படலம் மட்டுமே. மேலே நிற்கும் நுரையை ரேஸர் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். வழுக்கலைத் தருவது அந்தப் படலம். முடியை இளக்குவதும் தண்ணீர்தான். தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. காய்ந்திருக்கும்போது கம்பிபோல் விறைத்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினால் தண்ணீரை உறிஞ்சி உப்பி, வெட்டுவதற்கு நன்றாக இளகிவிடும். வெறும் தண்ணீரைத் தடவினால் அது வழிந்து ஓடிவிடுகிறது. வழியவிடாமல் அதை முகத்திலேயே பிடித்து வைக்கும் ஏற்பாடுதான் நுரை. அதனால் நான் நுரையின் உயரத்தைப் பார்ப்பதில்லை. அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன்.

பிரஷ்ஷைச் சுழற்றும்போது முதலில் பெரிய பெரிய குமிழிகள் வரும். அவற்றின் சுவர் மெல்லியது, சட்டென்று உடையும். தொடர்ந்து சுழற்றினால் இழைகள் அந்தக் குமிழிகளை வெட்டி வெட்டிச் சிறிதாக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குமிழிகள் சிறுத்த பிறகு, அவற்றுக்கு இடையில் இருக்கும் தண்ணீர் கீழே வடிய வெகுநேரம் ஆகும். ஆனால் அப்படிச் சிறு குமிழிகள் நிலைத்து நிற்கக் கரைசலில் சோப்பு அடர்த்தியாக இருந்தாக வேண்டும். சோப்பு போதவில்லை என்றால் எவ்வளவு நேரம் சுழற்றினாலும் காற்றுதான் சேரும். பார்க்கப் பஞ்சுப்பொதிபோல் அழகாக இருக்கும்; முகத்தில் பூசினால் குமிழிகள் உடைந்து, இருந்த கொஞ்சம் ஈரமும் காற்றில் போய், சோப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்துவிடும். உங்கள் கன்னத்தில் இருக்கும் பொருக்கு இதுதான்.

இங்கே சோப்பின் உள்சரக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட், கிளிசரின் ஆகிய பெயர்கள் முன்வரிசையில் இருக்கும். ஸ்டியரிக் அமிலத்திலிருந்து வரும் சோப்பு மெதுவாக நுரைக்கும். ஆனால் வந்த நுரை அடர்த்தியாக வெகுநேரம் நிற்கும். தேங்காயெண்ணெயில் நிறைய இருக்கும் லாரிக் அமிலம் நேர்மாறு: உடனே பெரிய குமிழியாகப் பொங்கும், உடனே அடங்கும். பொட்டாசியம் சேர்ந்த சோப்பு, சோடியம் சேர்ந்ததைவிட மென்மையானது, தண்ணீரில் எளிதாகக் கரைவது. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு. கட்டி கரையாமல் நெடுநாள் வர வேண்டும், தேய்த்ததும் நுரைத்து, தண்ணீர் ஊற்றியதும் போய்விட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். முகத்தில் பத்து நிமிடம் நிற்பது அதன் வேலையே அல்ல. நீங்கள் மாற்றிய இரண்டில் ஒன்று குளியல் சோப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டும் ஷேவிங் சோப்புதான் என்றால் அவை போதும்.

சரி, செய்முறைக்கு வருவோம். எல்லாம் தொடங்குவது பிரஷ்ஷில் சோப்பை ஏற்றுவதில்தான். முதல் தவறும் இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலானவர்கள் தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷைச் சோப்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றிவிட்டு, நுரை தெரிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். தெரிவது தண்ணீரும் குமிழியும்தான், சோப்பு இன்னும் ஏறவே இல்லை.

பிரஷ்ஷை நனைத்த பிறகு நன்றாக உதறுங்கள். இரண்டு மூன்று உதறலில் சொட்டுவது நின்றுவிடும். இழைகள் ஈரமாக இருக்கும், தண்ணீர் தேங்கியிருக்காது. அதோடு சோப்பின் மேல் சுழற்றத் தொடங்குங்கள். அழுத்த வேண்டாம், நுனி மட்டும் பட்டால் போதும். கடிகாரத்தைப் பார்த்து முப்பது விநாடி. கட்டியான சோப்பாக இருந்தால் நாற்பத்தைந்து விநாடி, ஒரு நிமிடம்கூட ஆகலாம். முப்பது விநாடி என்பது நினைப்பதைவிட நீளமானது, அதனால்தான் கடிகாரம் பார்க்கச் சொல்கிறேன். முதல் பத்து விநாடியில் சோப்பு வில்லையின் மேல் பெரிய குமிழிகள் வரும். பிறகு அவை அடங்கி வெண்மை கெட்டிப்படும். கையில் ஒரு மாற்றம் தெரியும்: இதுவரை வழுக்கிச் சுற்றிய பிரஷ் இப்போது லேசாகப் பிடித்து இழுக்கும். பிரஷ்ஷைத் தூக்கிப் பாருங்கள். நுனியில் பசைபோல், பளபளப்பில்லாமல், இழைகளைக் கற்றை கற்றையாக ஒட்டவைத்தபடி சோப்பு இருக்க வேண்டும். குமிழி தெரிந்தால் இன்னும் பத்து விநாடி. ஒரு முறை ஷேவ் செய்ய ஏறக்குறைய ஒரு கிராம் சோப்பு போக வேண்டும் என்பது என் கணக்கு. சோப்பு அதிகமாகிவிட்டால் தண்ணீரைச் சேர்த்துச் சரிசெய்யலாம். குறைந்துவிட்டால் நடுவில் சரிசெய்வது கடினம். அதனால் தாராளமாகவே எடுங்கள்.

வில்லை மிகக் கெட்டியாக இருந்தால், முகம் கழுவப் போகும் முன் அதன் மேல் ஒரு சிறு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது மேற்பரப்பு இளகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் முகத்தில் தடவிக்கொள்ளலாம், அதிலும் சோப்பு இருக்கிறது. க்ரீம் என்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. சுட்டுவிரல் நகத்தின் அளவுக்கு எடுத்துக் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

அடுத்து தண்ணீர். விஷயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது, இதை அவசரப்படாமல் படியுங்கள்.

பிரஷ்ஷில் இருக்கும் பசையைக் கிண்ணத்தில் சுழற்றத் தொடங்குங்கள். இப்போது அது மங்கலாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். பிரஷ்ஷை மேலே இழுத்தால் ஊசிபோல் கூர்மையான முனைகள் எழுந்து அப்படியே விறைத்து நிற்கும். பலர் இதையே நல்ல நுரை என்று நினைத்து முகத்தில் பூசிவிடுகிறார்கள். இது காய்ந்த நுரை. இனி பிரஷ்ஷின் நுனியை மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு, தண்ணீரில் தொட்டு எடுங்கள். முக்க வேண்டாம், தொட்டால் போதும். பதினைந்து இருபது விநாடி சுழற்றுங்கள். தண்ணீர் உள்ளே போய் மறைந்துவிடும், நுரை கொஞ்சம் பெருகும். மறுபடி தொடுங்கள், சுழற்றுங்கள். மூன்றாவது நான்காவது தடவையில் நுரையின் முகமே மாறும். மங்கல் போய், அப்போதுதான் அடித்த பெயிண்ட்போல் ஒரு மினுமினுப்பு வரும். பிரஷ்ஷை இழுத்தால் முனை எழும், ஆனால் நிற்காது, தலை சாய்ந்து வளையும். குமிழி ஒன்றுகூடக் கண்ணில் படாது. உயரம்கூடச் சற்றுக் குறைந்த மாதிரி தோன்றும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நீங்கள் தேடியது இதுதான்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று தங்குதடையில்லாமல் வழுக்க வேண்டும், வெகுநேரம் தேய்த்தாலும் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து தேய்ப்பிலேயே பிசுபிசுவென்று பிடித்தால் தண்ணீர் போதவில்லை. நுரை உடைந்து வெறும் தண்ணீராகிவிட்டால் சோப்பு போதவில்லை. கண்ணைவிட விரலை நம்பலாம். நான் இன்றும் புதுச் சோப்பு எடுத்தால் விரலால்தான் பார்க்கிறேன்.

இதைப் பழக ஒரு பயிற்சி சொல்கிறேன். ஷேவ் செய்யாத ஒரு நாளில், அவசரம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். மேலே சொன்னபடி சோப்பை ஏற்றி நுரை கட்டுங்கள். நல்ல பதம் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள். இன்னும் ஒரு தொடல், இன்னும் ஒரு தொடல் என்று தண்ணீர் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தொடலுக்குப் பிறகும் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு கீற்றுப் பூசுங்கள். ஒரு கட்டத்தில் நுரையில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் தெரிய ஆரம்பிக்கும், கீற்று மெல்லக் கீழே வழியும். நுரை முறிந்துவிட்டது. அதற்கு ஒரு தொடல் முந்தைய நிலைதான் உங்கள் சோப்பின் சரியான பதம். கையில் வரிசையாக இருக்கும் கீற்றுகளை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். முதலில் பூசியது விளிம்பிலிருந்து காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். நான்காவது ஐந்தாவது கீற்றில் மினுமினுப்பு இன்னும் இருக்கும். உங்கள் கன்னத்தில் தினமும் நடப்பது எது என்று அந்தக் கையே காட்டிவிடும். எனக்கு நுரை பிடிபட்டது இப்படி ஒரு நாளில்தான். அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் காய்ந்த நுரையில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன், பிளேடுதான் சரியில்லை என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

முறிந்த நுரையைக் கொட்ட வேண்டாம். பிரஷ்ஷை மறுபடி சோப்பில் பத்து விநாடி சுழற்றிவிட்டு வந்து கலக்குங்கள், சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவு செய்தும் நுரை நிற்கவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் படிவை உண்டாக்கும். வாளி விளிம்பில் படியும் அழுக்குப் படலம் அதுதான். அப்படிப் படிந்த சோப்பு நுரைக்குப் பயன்படாது. நீங்கள் ஏற்றிய சோப்பில் ஒரு பங்கு நுரையாகும் முன்பே வீணாகிவிடுகிறது. சோதிப்பது எளிது. ஒரே மாதிரியான இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் காய்ச்சி வடித்த நீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புத் துருவல் போட்டுக் குலுக்குங்கள். குழாய்த் தண்ணீர்ப் புட்டி பால்போல் கலங்கி நுரை மெலிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. நுரை கட்ட ஒரு தம்ளர் தண்ணீருக்கு மேல் தேவைப்படாது. பிரஷ் நனைப்பதற்கும் நுரைக்கும் மட்டும் வடிநீரையோ, உப்பு நீக்கிய குடிநீரையோ வைத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும். சில சோப்புகளில் இடிடிஏ என்ற பொருள் சேர்த்திருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கடினநீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வீடு மாறியபோது எனக்கு ஒரே சோப்பு, ஒரே பிரஷ், ஒரே கை. நுரை மட்டும் வேறாகிவிட்டது. அதன் பிறகு யார் நுரையைப் பற்றிக் கேட்டாலும் தண்ணீரைப் பற்றித் திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

பிரஷ் விஷயம். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று சொல்லவில்லை. பன்றிமுடி பிரஷ் என்றால் பயன்படுத்தும் முன் ஐந்து பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். அந்த முடி தண்ணீரை உள்ளே உறிஞ்சுவது. ஊறாமல் எடுத்தால் நுரையிலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். புதிதாக இருந்தால் முதல் இருபது முப்பது தடவை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிறகு நுனிகள் பிளந்து மெத்தென்று ஆகிவிடும். பேட்ஜர் முடி இழைகளுக்கு நடுவில் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஓரிரு நிமிடம் நனைத்தால் போதும். ஆனால் அதிலிருக்கும் தண்ணீர் நடுவில் இறங்கி நுரையைக் கெடுக்கும் என்பதால் அதைத்தான் நன்றாக உதற வேண்டும். செயற்கை இழைக்கு ஊறல் தேவையில்லை, நனைத்து உதறினால் போதும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது செயற்கை இழை பிரஷ்தான். அது தண்ணீரை உறிஞ்சாது. நீங்கள் சேர்த்த தண்ணீர் முழுவதும் நுரையில்தான் இருக்கும் என்பதால் கணக்கு எளிதில் பிடிபடும். எந்த பிரஷ்ஷையும் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், முடியும் கெடும், அடியில் இருக்கும் பசையும் விடும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் மிகப் பழைய காலத்து பிரஷ் கிடைத்தால், குறிப்பாக 1930-க்கு முந்தையது என்று தெரிந்தால், அதை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடிக்குத் தட்டுப்பாடு வந்து குதிரைமுடியில் பிரஷ் செய்தார்கள்; கிருமி நீக்காத முடி வழியாக ஆந்த்ராக்ஸ் நோய் பரவி உயிரிழப்புகளும் நடந்தன. ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கக்கூடியவை. இப்போது கடையில் வரும் பிரஷ்ஷுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

கிண்ணத்தில் நுரை கட்டுவதா, முகத்திலேயே கட்டுவதா என்று பெரிய விவாதமே உண்டு. முகத்தில் கட்டினால் முடிக்கு அடியில் ஈரம் நன்றாக இறங்கும் என்பது உண்மைதான், நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நீங்கள் ஒரு மாதம் கிண்ணத்தில் கட்டுங்கள். நுரை மாறுவதைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும், கண்ணாடியில் அது சரியாகத் தெரியாது. பூசும்போது முதலில் வட்டமாகச் சுழற்றி முடியைத் தூக்கிவிட்டு, பிறகு சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் மேலும் கீழும் நீவுங்கள். மிச்சக் குமிழிகள் அதில் உடைந்துவிடும். பிரஷ்ஷை அழுத்திச் சுழற்றினால் நடு முடி அடியோடு வளைந்து நாளடைவில் முறிந்து, நடுவில் பள்ளம் விழும். முகத்தில் நுரை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும், தடிமனாக அப்ப வேண்டியதில்லை.

கழுத்து எரிச்சலுக்கும் இதோடு தொடர்பு இருக்கிறது. ஷேவ் செய்யும் வரிசையில் கழுத்து கடைசியில் வருவதால் அங்கேதான் நுரை அதிகம் காய்கிறது. சோப்பு இயல்பிலேயே காரத்தன்மை உடையது, தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. ஈரம் போன சோப்பு தோலில் ஒட்டிக் கிடந்தால் உறுத்தும். அதன் மேல் பிளேடும் வழுக்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் கன்னங்களை முடித்ததும் பிரஷ்ஷின் நுனியைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு, கழுத்தில் புதிதாகப் பூசிய பிறகே ரேஸரைக் கொண்டுபோங்கள். மறுபடி நுரை பூசி இரண்டாம் சுற்று ஷேவ் செய்வதென்றால் அதற்கும் இதே முறைதான்: காத்திருக்கும் நேரத்தில் பிரஷ்ஷிலிருக்கும் நுரையும் காய்ந்திருக்கும், ஒரு தொடல் தண்ணீர் அதை மீட்டுவிடும். நுரை இல்லாத இடத்தில் "இங்கே ஒரு முடிதானே" என்று பிளேடை வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், எரிச்சலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. கழுத்தில் முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, முதல் சுற்றில் அந்தப் பக்கமாகவே இழுங்கள். பலருக்குக் கழுத்தின் இரு பக்கமும் வெவ்வேறு திசையில் வளரும். இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் எரிச்சல் தணியவில்லை, கொப்புளமோ சீழோ வருகிறது என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

முடிந்ததும் பிரஷ்ஷைத் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசி, உதறி, காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். நிற்க வைத்தாலும் சரி, தொங்கவிட்டாலும் சரி, மூடிய டப்பாவுக்குள் மட்டும் வேண்டாம். உங்கள் தண்ணீர் கடினநீர் என்று தெரிந்தால் இரண்டு மாதத்தில் இழைகளின் அடியில் சோப்புப் படிவு சேர்ந்திருக்கும். தொட்டால் மெழுகுபோல் இருக்கும். வினிகர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அதில் சில நிமிடம் வைத்து அலசிவிட்டு, அப்புறம் அந்தக் கீற்றுப் பயிற்சியைச் செய்து பாருங்கள்.